குரங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தல்

1

இந்த ஆடியோடு அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடம். ஏழு வருடத்தில் என்னப்பா கற்றுக்கொண்டாய் என்று ஊரில் கேட்டால், மற்றவர்கள் வீடு வாங்கியது, கார் வாங்கியது, குடியுரிமை வாங்கியது என்று அடுக்குவார்கள். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் சும்மா உட்காரக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளை எதிரே உட்கார்ந்து ஒரு ஷூவோடு மல்லுக்கட்டும்போது நீங்கள் ஒரு தடவை அப்படி உட்கார்ந்து பாருங்கள். கை தானாக வெளியே வரும்.

போன ஆடியில் நாங்கள் ஆம்பூர் போயிருந்தபோது நடந்ததைப் பற்றி இப்போது தெருவில் பல கதைகள் உலவுவதாக அக்கா போனில் சொன்னாள். ஒரு கதையில் என் மகளுக்கு அருள் வந்திருக்கிறது. இன்னொன்றில் எனக்கே பேய் பிடித்து அயர்லாந்துக்காரி ஒருத்தி ஓட்டியிருக்கிறாள். எனவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் சரவணன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பினிஷிங் பிரிவில் இருந்தவன். மனைவி ஹேமா வேலூரில் நர்சிங் படித்தவள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் கணவன் என்ற ஒரே தகுதியில் நானும் விமானம் ஏறினேன். இப்போது அதே இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். இந்த நாட்டில் அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. மத்தியானத் தட்டில் அவித்தது ஒன்று, மசித்தது ஒன்று, சுட்டது ஒன்று என்று இருந்தால்தான் தாத்தாக்கள் அதைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் மகள் பூரணி இங்கேதான் பிறந்தாள். நான் சொல்லப்போகும் கதையில் அவளுக்கு ஐந்து வயது. உட்கார்ந்ததும் தாமதம், நடந்ததும் தாமதம், பேச்சும் தாமதம். தசைகளில் பிடிப்பு குறைவு, அதனால்தான் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் ஆளை எடைபோடுவதில் அவளுக்கு எந்தத் தாமதமும் கிடையாது. அறைக்குள் நுழைந்ததுமே தன் வேலையைச் செய்து கொடுக்கக்கூடிய இளிச்சவாயன் யார் என்று கண்டுபிடித்து, நேராக அவனிடம் போய்க் காலை நீட்டுவாள். எங்கள் வீட்டில் அது நான்.

2

இங்கே எதற்கும் ஒரு கடிதம் வரும். குழந்தைக்குச் சிகிச்சை வேண்டும் என்று எழுதினால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம். இன்னும் வரிசையில்தான் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம் என்று மறுபடி ஒன்று. கடைசியில் நாள் குறித்து வந்த கடிதத்தில், உங்களுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாகியிருக்கிறார் என்று போட்டிருந்தது. எங்களுக்கு இங்கிலீஷ் வரும், வேண்டாம் என்று ஹேமா எழுதினாள். உங்கள் வேண்டுகோளைக் கவனத்தில் கொண்டோம், மொழிபெயர்ப்பாளர் வருவார் என்று பதில் வந்தது.

அவர் போன் வழியாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலே மிகவும் மரியாதையாக இருந்தது. சிகிச்சை தரும் நோரா எங்கள் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் நாங்கள் போனுக்காகக் காத்திருந்தோம், முறை அதுதானே.

"பிள்ளை தனியச் சப்பாத்துப் போடுமோ எண்டு கேக்கினம்" என்றது போன்.

நோரா கேட்டது ஒன்று, போன் கேட்பது வேறாக இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். "இல்லீங்க. அஞ்சு வயசுதான் ஆவுது, நாங்க அடுப்புகிட்டயே விடுறதில்ல" என்றேன்.

ஹேமா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். ஷூவைத்தான் அவர் சப்பாத்து என்கிறார் என்று பிறகு புரிந்தது. ஷூ செய்தே சோறு தின்ற ஊரில் பிறந்த எனக்கு அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரியும்.

நோரா செய்வதற்கு ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., என்று பெயர். குழந்தை தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பழக்குவது. அறை முழுக்க ஊஞ்சல், மெத்தை, களிமண், துணி மாட்டும் கிளிப் என்று ஒரே விளையாட்டுச் சாமான். பூரணி விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள், உண்மையில் அவள் விரல்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஷூ போடுவதை நோரா கடைசியிலிருந்து கற்றுக்கொடுத்தார். முதலில் காலை நுழைப்பது, குதிகாலை இறக்குவது எல்லாம் நாம் செய்துவிட வேண்டும். வெல்க்ரோ பட்டையை இழுத்து ஒட்டுவது மட்டும் அவள் வேலை. முடித்துவைத்த பெருமை அவளுக்கு. அது வந்த பிறகு அதற்கு முந்தைய வேலை, பிறகு அதற்கும் முந்தையது. நான்கு மாதத்தில் முழு வேலையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றார் நோரா. தெரியும், ஆனால் செய்ய மாட்டாள். காலை நீட்டுவாள், நான் போட்டுவிடுவேன்.

"அவள் கைகளில் இப்போது பிரச்சினை இல்லை. உங்கள் கைகளில்தான்" என்றார் நோரா. "அவள் ஷூவை எடுத்ததும் நீங்கள் கீழே உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஒரு முழுப் பாட்டைப் பாடி முடிக்கும்வரை எடுக்காதீர்கள்."

ஷூ என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அன்று அது பெரிய விஷயம். தெருக் குழந்தைகள் எல்லாம் போகும் பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இது ஓயாமல் மழை பெய்யும் ஊர், ஆகவே குழந்தைகள் வாசலில் ஈர ஷூவைக் கழற்றி வகுப்பு ஷூவை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலைமையாசிரியை தன்மையானவர். பூரணியைச் சேர்த்துக்கொள்ள ஆசைதான், அவள் தன் ஷூவைத் தானே போட்டுக்கொள்கிறாள் என்று நோராவின் அறிக்கையில் இருந்தால் போதும், இலையுதிர்கால விடுமுறை வரை வைத்துப் பார்ப்போம் என்றார். இல்லையென்றால் வேறு ஊரில் ஒரு சிறப்பு வகுப்பு. அது மோசமான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடியுமுன் வேன் வரும், சாயந்திரம் இருட்டியபின் கொண்டுவந்து விடும். தெருவில் அவளுக்கு ஒரு தோழி இருக்க மாட்டாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. நானும் ஹேமாவும் இல்லாத ஒரு காலத்தில் இவள் யாரைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் அது.

அறிக்கை எழுத ஆகஸ்ட் நடுவில் நாள் குறித்தார்கள். அதற்குள் எங்களுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. "நல்லதுதான்" என்றார் நோரா. "புது இடம், புது ஆட்கள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள். யாரும் கை கொடுக்கக் கூடாது."

ஆம்பூரைப் பார்க்காதவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை.

3

ஆம்பூரில் நாங்கள் தங்கியது செல்வி அக்கா வீட்டில். மாமா கஜேந்திரன் ஷூ கம்பெனியில் பினிஷிங் சூப்பர்வைசர். இரண்டு பையன்கள், இருவரும் காலேஜ். வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வருகிற எல்லோருக்கும் இரண்டு கை. பூரணிக்கு அது சொர்க்கம். முதல் நாள் அவள் ஒரு காலை நீட்டினாள், நான்கு பேர் குனிந்தார்கள். ஒருவர் ஷூ போட, ஒருவர் சாக்ஸ் இழுக்க, ஒருவர் வாயில் வாழைப்பழம் வைக்க, ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக் கண்ணேறு கழித்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை எடுத்துச் சொன்னேன்.

"அஞ்சு வயசு கொழந்தைக்கு இன்னாடா ஆக்குபேஷன்?" என்றார் மாமா. "எங்க கம்பெனில ஓ.டி.ன்னா ஓவர்டைம். உம் பொண்ணுக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டாங்களா?"

"அத விடுங்க" என்றாள் அக்கா. "கொழந்த கஷ்டப்படறத பாத்துகினு கைய கட்டிகினு உக்காரணுமா? இன்னா டாக்டரு அவ?"

"கைய கட்டல அண்ணி, கீழ வெச்சிக்கணும். இப்டி" என்று ஹேமா தரையில் உட்கார்ந்து செய்து காட்டினாள்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஹேமா நர்ஸ். நர்ஸ் சொன்னால் அக்கா கேட்பாள். மறுநாள் காலையில் பூரணி ஷூவைக் கையில் எடுத்ததும் நான், ஹேமா, அக்கா, மாமா நான்கு பேரும் கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டோம். ஆளுக்கொரு பாட்டு மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுடைய பாட்டு நீளமானது போலிருக்கிறது, உதடு அசைந்துகொண்டே இருந்தது. பூரணி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரிடம் காலை நீட்டுவது என்று தெரியாமல் ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷமீமக்கா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தார். அக்காவுக்கு நெடுநாள் தோஸ்த். நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

"இன்னா செல்வி, வேண்டுதலா?"

அக்கா என்ன சொல்லியிருக்க வேண்டும்? குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம், இது சிகிச்சை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி மகளைப் பற்றித் தெருவில் ஒரு வார்த்தை வரக் கூடாது என்பதில் அக்கா கறார்.

"ஆமாக்கா" என்றாள். "கொழந்தைக்காக."

4

ஷமீமக்கா கிண்ணத்தை வைத்தார், புடவையைச் சரிசெய்தார், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையும் உள்ளே செருகிக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்குக்கா பேஜாரு?" என்றாள் அக்கா.

"கொழந்தைக்குத்தான? ஒக்காந்தா நா கொறைஞ்சா போவேன்?"

மறுநாள் எதிர்வீட்டு மேரியம்மா வந்தார். அதற்கடுத்த நாள் மாவு மில்லுக்குப் போகிற வழியில் இரண்டு பேர். நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் விதிகள் தாமாக வந்து சேர்ந்தன. கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். காப்பி குடிக்காமல் வர வேண்டும். இடது கை அடியில், வலது கை அதன் மேல். "நேத்து மாத்தி வெச்சேன், அதான் ராவெல்லாம் முட்டி வலி ஜாஸ்தி" என்று ஒரு அம்மாள் வருத்தப்பட்டார். சரியாக வைத்தவர் ஒருவருக்கு வலி கம்மியாகிவிட்டதாம். அதற்கப்புறம் கூட்டம் வாசலைத் தாண்டியது.

பூரணிக்கு இதைவிட இன்பம் வேறில்லை. தினம் காலையில் ஷூவோடு நடுவில் உட்காருவாள். எதிரே இவ்வளவு பேர் ஆடாமல் அசையாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கைதட்டுவாள். ஷூவைத் தலைமேல் வைத்துக் காட்டுவாள். போட மட்டும் மாட்டாள். நடக்கிற கச்சேரியைத் தானே எதற்கு முடித்துவைப்பாள்?

ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலைக் காட்சியைப் படம் பிடித்து நோராவுக்கு அனுப்பி, யோசனை கேட்டேன். பதில் வந்தது: "அற்புதம். இங்கே ஒரு தகப்பனை உட்கார வைக்க எனக்கு மாதக்கணக்கு ஆகிறது. உங்கள் ஊரில் இதற்கு எப்படி ஆள் சேர்த்தீர்கள்?"



இதற்கிடையில் அக்காவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. வாய் தவறி வேண்டுதல் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னதை எங்காவது போய் முடிக்க வேண்டும் அல்லவா? எந்தச் சாமிக்கு என்று அவளுக்கே தெரியாது. தெருவில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. கடைசியில் சோளிங்கர் என்று முடிவாயிற்று. மலைமேல் நரசிம்மரிடம் ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தாலே பலன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உட்காருகிற வேண்டுதலுக்கு உட்காருகிற சாமிதான் பொருத்தம் என்றார் மேரியம்மா. அவர் மாதாவைக் கும்பிடுகிறவர், இருந்தாலும் ஞாயம் ஞாயம்தானே.

5

வேன் பேசிக் கிளம்பினோம். ஏறும் முன் ஷமீமக்கா ஓதிவிட்டு பூரணியின் நெற்றியில் ஊதினார். "போய்ட்டு வா கண்ணு. ஷூ போட்டுகினு வரணும்" என்றார். வேலூர் தாண்டி, வாலாஜா தாண்டி, சோளிங்கர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

அங்கே குரங்குகள் பேர்போனவை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாமா அடிவாரத்திலேயே ஒரு தடி வாங்கிக்கொண்டார். கையில் தடி வந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. "நா கீறேன், யாரும் பயப்படாதீங்க" என்றார். செருப்புகளை அடிவாரத்தில் விட்டுவிட்டு ரோப் காரில் மேலே போனோம். தரிசனம் முடிந்ததும் பிராகாரத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்தோம். பழக்கதோஷம், நான்கு பேரும் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டோம். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்தது, ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் செருகிக்கொண்டார்கள். இந்நேரம் அது எந்த ஊர்வரை போயிருக்கிறதோ தெரியாது.

கீழே இறங்கி, விட்டுப்போன ஷூவைத் திரும்ப வாங்கினோம். பூரணி ஒரு படியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான், யாரும் சொல்லாமலே நாங்கள் நால்வரும் எதிர்ப்படியில் உட்கார்ந்தோம், கைகள் உள்ளே போயின. மாமா தடியைத் தூணில் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தகரக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. நல்ல வளர்ந்த ஆண் குரங்கு. எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தது. இவர்களிடம் கையே கிடையாது என்று முடிவு செய்திருக்க வேண்டும், நிதானமாக நடந்து வந்து பூரணியின் வலது ஷூவைப் பிடித்தது.

எழுந்தேன், ஆனால் என் கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. நோராவின் முறையில் இது ஒரு குறை என்று அவருக்குப் பிறகு சொன்னேன். கைகளை உதறிக்கொண்டு நான் "சூ, சூ" என்பதற்குள் மாமா தடி இருந்த பக்கத்துக்கு நேரெதிர்ப் பக்கமாக வெகுதூரம் போய்விட்டிருந்தார்.

பூரணி குரங்கைப் பார்த்தாள். "ஏய்" என்றாள். "என்து."

ஷூவைத் தன் பக்கம் இழுத்தாள். குரங்கு அதன் பக்கம் இழுத்தது. களிமண் பிசைந்தும் கிளிப் மாட்டியும் தேறிய விரல்கள், விடவில்லை. குரங்கின் பிடி நழுவியதும், அவள் செய்தது என்ன தெரியுமா? ஷூவைத் தூக்கி மறைக்கவில்லை, எங்களிடம் நீட்டவில்லை. காலை அதற்குள் விட்டாள், குதிகாலை அமுக்கினாள், பட்டையைப் பிரித்து இழுத்து ஒட்டினாள். ஷூவைப் பாதுகாக்க உலகத்தில் காலைவிடச் சிறந்த இடம் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வெல்க்ரோ கிழியும் சத்தம் கேட்டுக் குரங்கு ஓரடி பின்வாங்கியது. அதன்மேல் ஒரு கண்ணை வைத்தபடியே அடுத்த ஷூவையும் போட்டாள். குரங்கு கூரைக்குத் திரும்பியது.

வலது ஷூ இடது காலில், இடது ஷூ வலது காலில். பினிஷிங்கில் ஜோடி பார்த்தே நரைத்த மாமா திரும்பி வந்து அதைக் கண்டதும் துடித்துப்போனார். குனியப் போனவரை அக்கா முறைத்தாள்.

"தொட்ட, அவ்ளோதான்."

மாற்றிப் போட்ட ஷூவோடு பூரணி வேன்வரை நடந்தாள். அக்கா பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

6

வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிட நிறுத்தியபோது சண்டை ஆரம்பித்தது. நரசிம்மர்தான் அனுமாரை அனுப்பினார் என்றாள் அக்கா. நான்கு மாதப் பயிற்சி என்றாள் ஹேமா. "சாமிய விடு, டாக்டர விடு. அந்த வெல்க்ரோவ பாரு, குரங்கு இழுத்தும் தையல் விட்டுச்சா? நம்ம பக்கத்து தையல்" என்றார் மாமா. வீட்டுக்கு வந்தால் ஷமீமக்கா வாசலிலேயே பூரணியின் காலைப் பார்த்துவிட்டு, "நா ஊதுனப்பவே நெனச்சேன்" என்றார். யாரோடும் நான் வாதாடவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதே காரியம் அயர்லாந்தில் ஒரு தடவை, நோராவின் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பதுதான்.

7

நடக்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் நோராவின் அறையில் பூரணி ஷூவைப் பார்த்தாள், நோராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னிடம் காலை நீட்டினாள். நான் கைமேல் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொரு பாட்டும் முடிந்தது. நோராவின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. மேற்கொண்டு காத்திருக்க அவருக்கும் நேரமில்லை, வெளியே அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஊரில் செய்தாள் என்றீர்களே. அங்கே என்ன வேறாக இருந்தது?"

ஹேமா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"குரங்கு இருந்தது" என்றேன்.

நோரா சிரிக்கவில்லை. அந்த அம்மாளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். "குரங்கு சரியாக என்ன செய்தது?" என்று கேட்டார்.

சொல்லிப் பார்த்தேன். என் இங்கிலீஷில் அந்தக் குரங்கு வரவில்லை. போனில் வந்த யாழ்ப்பாணத்துக்காரர் இருந்திருந்தாலும் உதவியிருக்க முடியாது. எனவே தரையில் இறங்கினேன். நான்கு காலில் நடந்தேன். இருக்கிறது இருக்கட்டும் என்று விலாவைச் சொறிந்துகொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு போய் பூரணியின் ஷூவைப் பிடித்தேன். ஹேமா கூரை விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

பூரணி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய். என்து" என்றாள். பிடுங்கினாள், போட்டாள், ஒட்டினாள். இந்த முறை கால் மாறவில்லை.

அறிக்கை வந்தது. அதில் ஒரு வரியை ஹேமா இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வாள்: "தந்தை குரங்காக இருக்கும்போது, குழந்தை தன் காலணிகளை யாருடைய உதவியும் இன்றி அணிகிறாள்." அரசாங்க முத்திரையோடு. குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் இதையும் இணைக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, தினமும் காலையில் எனக்கு ஓய்விருக்குமா என்று மிகவும் நயமாகக் கேட்டார்.

நோரா அதற்கும் வழி வைத்திருந்தார். குரங்கை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முதலில் முழுக் குரங்கு. பிறகு உட்கார்ந்த குரங்கு. பிறகு ஒரு கை மட்டும் குரங்கு. கடைசியில் ஒரு பார்வை போதும். பள்ளி திறக்கும்முன் தினமும் வீட்டில் பயிற்சி. உட்கார்ந்த குரங்குவரை வந்தோம். அதற்குக் கீழே குறைத்தால் பூரணி காலை நீட்டினாள்.

8

முதல் நாள். பள்ளி வாசலுக்கும் வகுப்புக்கும் நடுவே நீள அறை, சின்னச் சின்னக் கொக்கிகள், அவற்றில் சின்னச் சின்ன மழைக்கோட்டுகள். பெஞ்சில் வரிசையாகக் குழந்தைகள், எதிரே பெற்றோர். அங்கே யாருக்கும் கையைத் தொடைக்கடியில் வைக்க வேண்டிய தேவை இல்லை, அயர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள்.

பூரணி ஈர ஷூவைக் கழற்றினாள். வகுப்பு ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒவ்வொரு குழந்தையாக எழுந்து உள்ளே போனது. டீச்சர் கதவருகே நின்று புன்னகை செய்தார், அந்தப் புன்னகை கடிகாரத்தின் பக்கமும் ஒரு தடவை போய்வந்தது. முதல் நாளே இப்படியென்றால் விடுமுறை வரை எப்படித் தாக்குப்பிடிப்பது? உட்கார்ந்த குரங்கு இதற்குப் போதாது என்று தெரிந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். டாக்டர், வக்கீல், தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், ஊரே நின்றுகொண்டிருந்தது.

முட்டி போட்டேன். கைகளை ஊன்றினேன். பல்லைக் காட்டிக்கொண்டு விலாவைச் சொறிந்தேன்.

ஒரு பையன் சிரித்தான். பக்கத்திலிருந்த பெண் குழந்தை ஒன்று, "அது உன் அப்பாவா?" என்று பூரணியைக் கேட்டது.

பூரணி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சிரிக்கிற பையனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. காது மடல்வரை சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள். கெஞ்சுகிற குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்பா. வேணாம். எழுந்திரி" என்றாள்.

அதன்பிறகு அவள் ஷூவைப் போட்ட வேகம் என்னை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற வேகம். ஒரு கால், மறு கால், இரண்டு பட்டை. எழுந்தாள், ஒரு விரலால் எனக்கு வாசலைக் காட்டினாள், அந்தப் பெண் பின்னால் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரே புலம்பல்தான். பிள்ளைகளுக்கு நம்மோடு நடக்கவே கூச்சம், பள்ளிக்கூட வாசலில் நம்மைத் தெரியாதவர்கள் போலப் போகிறார்கள், நம் பேச்சும் நம் சாப்பாட்டு டப்பாவும் அவர்களுக்கு அவமானம் என்பார்கள். நானும் உடன் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன், எனக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை. என் மகள் அன்றுவரை யார் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

வெளியே மழை. முட்டியில் அழுக்கோடு நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, என்னப் பாத்து பூரணி வெக்கப்பட்டுட்டா. எல்லார் முன்னாடியும் வெக்கப்பட்டா."

"இன்னாடா சொல்ற? ஷூ போட்டாளா இல்லியா?"

"போட்டா. அதுக்காகத்தான் போட்டா. என்ன வெளிய தொரத்தறதுக்கு."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"எங்கூட்டு பசங்க ரெண்டு பேரும் அஞ்சு வயசுலர்ந்து என்னப் பாத்து வெக்கப்பட்டுகினுதான் கீறானுங்க" என்றாள் அக்கா. "ஒனக்கும் வந்துச்சில்ல? அதுக்கு ஏண்டா அழுவுற?"